பறவை நம்ம பக்கம் திரும்பணும்னா என்ன செய்ய? குளக்கரையில அடிக்கடி கேட்ட கேள்விகள்

ஞாயித்துக்கிழம விடிய முன்ன திருநெல்வேலி பேட்டையில இருந்து ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு குளத்துக்குப் போயிருதது எனக்கு ஒன்பது வருசப் பழக்கம். நயினார்குளம், ராஜவல்லிபுரம், விஜயநாராயணம், கூந்தன்குளம்னு மாத்தி மாத்திப் போவேன். கரையில கேமராவோட நிக்கவங்க, சொந்தக்காரப் பிள்ளைக, படத்தப் பாத்துட்டு மெசேஜ் பண்ணுதவங்க எல்லாருக்கும் கடைசியில ஒரே கொறதான், பறவை நம்ம பக்கம் திரும்பவே மாட்டேங்குங்கிறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லும்போது பாதி விட்டுப்போவுது, அதனால அவங்க கேட்டத கேட்டபடியே போட்டு கீழ பதில் எழுதியிருக்கேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னால வார பதில் முன்னால சொன்னத வச்சுத்தான் இருக்கும்.

அக்கா, பறவை கேமராவப் பாத்தாத்தான் நல்ல படமா? பாக்காட்டி என்ன?

பாக்காட்டியும் நல்ல படம் உண்டு. மீன முழுங்குத நீர்க்காகம், நத்தைய தண்ணிக்குள்ள தேடுத நத்தைகுத்தி நாரை, இதுக்கெல்லாம் பார்வை அதுக வேலையிலதான் இருக்கணும், அதுதான் அழகு. ஆனா சும்மா உக்காந்திருக்க பறவைய எடுக்கிய, பிடறியும் முதுகும் மட்டுந்தான் தெரியுதுன்னா, அது என்ன பறவைன்னு கண்டுபிடிக்க அந்தப் படம் ஒதவும், அதுக்கு மேல ஒன்னும் இல்ல. எந்தப் படத்தப் பாத்தாலும் நம்ம மொதல்ல கண்ணத்தான் தேடுவோம். கண்ணு கிடைக்காட்டி அடுத்த படத்துக்குப் போயிருவோம்.

அது நம்மளத்தான் பாக்குன்னு எப்படித் தெரியும்? நேரா மூஞ்சியக் காட்டுனாத்தானே பாக்குன்னு அர்த்தம்?

இல்ல, இங்கதான் நிறைய பேரு தப்பா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஆந்தை மாதிரி கொஞ்சம் பறவைக்குத்தான் கண்ணு ரெண்டும் முன்பக்கம் இருக்கு. மைனா, புறா, கொக்கு, வாத்து இதுகளுக்கெல்லாம் கண்ணு தலையோட ரெண்டு பக்கமும், அதனால ஒரு பொருள நல்லா உத்துப் பாக்கணும்னா அதுக ஒரு கண்ண மட்டும் அந்தப் பக்கம் காட்டும். வீட்டுக் கோழிய கவனிச்சுப் பாருங்க, தரையில கெடக்க அரிசியப் பாக்க தலைய சாச்சு ஒத்தக் கண்ணால பாக்கும். சைடா நிக்க பறவை உங்களப் பாக்கலன்னு நெனைக்கிய, உண்மையில அது உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கும்.

எளிசா சொல்ல நான் கடிகாரத்த வச்சுச் சொல்லுவேன். பறவைய மேல இருந்து பாக்கதா நெனச்சுக்கோங்க, நடுவுல பறவை, நீங்க ஆறு மணி இருக்க எடத்துல நிக்கிய, அலகுதான் முள்ளு. முள்ளு மூணு மணியில இருந்தா சுத்தமா சைடு. ஆறு மணியில இருந்தா நேரா உங்க மூஞ்சிக்கு எதுத்தாப்புல. ரெண்டு மணின்னா அந்தப் பக்கம் திரும்பிட்டு, படம் செத்துப்போச்சு. நமக்கு வேண்டியது மூணரையில இருந்து நாலு மணி வரைக்கும், எதிர்ப்பக்கம் பாத்து உக்காந்திருந்தா எட்டுல இருந்து எட்டரை. அந்தக் கொஞ்சூண்டு திருப்பத்துலதான் கண்ணு முழு வட்டமா தெரியும், அலகும் அதோட வடிவத்த இழக்காது. கீழ எங்க "நாலு மணி"ன்னு சொன்னாலும் இதத்தான் சொல்லுதேன்.

கை தட்டினா டக்குன்னு பாக்குதே, அத செஞ்சா என்ன தப்பு?

நானும் தட்டியிருக்கேன், மொத வருசம். ஒரு கண்மாயில கருவேல மரத்துல மஞ்சமூக்கு நாரைக கூடு கட்டியிருந்துச்சு, எல்லாம் அந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு, பொறுமை இல்லாம ரெண்டு தட்டு தட்டினேன். இருபது முப்பது நாரை ஒரேயடியா எழும்பிட்டு. அது திரும்பி வந்து எறங்குததுக்குள்ள ஒரு காக்கா நேரா கூட்டுக்குப் போயி முட்டைய வாயில கவ்விக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன். அன்னைக்கு எடுத்த படம் எதையும் நான் வச்சிக்கல.

கூடு இல்லாத எடத்துலயும் தட்டாதிய. தட்டினா பறவை பாக்கும், சரி, ஆனா எப்படிப் பாக்கும்? கழுத்த நீட்டி, எறக உடம்போட ஒட்ட வச்சு, பறக்கத் தயாரா நிக்கும். பயந்த பறவைன்னு படத்துலயே எழுதி ஒட்டின மாதிரி தெரியும். அதோட, தண்ணிப் பறவைகளுக்கு நம்ம போற அந்தக் காலை நேரம்தான் மேய நேரம், ஒவ்வொரு தடவ எழுப்பி விடும்போதும் அது தின்னதுல கொஞ்சம் வீணாப் போவுது. வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி நம்ம கூந்தன்குளத்துக்கு வருது, நம்ம ஒரு படத்துக்காக அத கரையில இருந்து எழுப்பி விட எனக்கு மனசு வரல.

விசில்? இல்லன்னா உதட்டக் குவிச்சு "ப்ச் ப்ச்"னு சத்தம் கொடுக்கது?

கை தட்டுதத விட மெதுவான சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த "ப்ச் ப்ச்" சத்தம் ஏன் வேலை செய்யுதுன்னா, சின்னப் பறவைக ஆபத்தப் பாத்தா ஒன்னுக்கொன்னு கொடுத்துக்கிடுத எச்சரிக்கை சத்தம் மாதிரி அது கேக்கும். தவிட்டுக்குருவி, தையல்சிட்டு எல்லாம் எங்கயோ பாம்போ ஆந்தையோ இருக்குன்னு நெனச்சு வெளிய வந்து பாக்கும். பொய்யான ஆபத்தக் காட்டிக் கூப்பிடுதோம்னு அர்த்தம். நான் செய்யுததில்ல.

மொபைல்ல அந்தப் பறவையோட குரலையே போட்டா பக்கத்துல வந்து நின்னு பாக்குதே அக்கா, அதுக்கு ஒன்னும் ஆகலயே?

ஆகலன்னு நமக்குத் தோணுது. ஆண் பறவை அந்தக் குரலக் கேட்டதும் தன் எடத்துக்குள்ள வேற ஒருத்தன் வந்துட்டான்னு நெனச்சு சண்டைக்கு வருது. இல்லாத எதிரிய தேடிக்கிட்டு கிளைக்கு கிளை தாவும், பாடும், மறுபடி தேடும். அந்த நேரமெல்லாம் இரை தேடல, கூட்டையும் பாக்கல. நம்ம அஞ்சு நிமிசம் போட்டுட்டுப் போயிருவோம், அடுத்து வாரவரும் அதே எடத்துல அஞ்சு நிமிசம் போடுவாரு.

ஆறுமணிக்குருவிய வச்சுத்தான் இந்தக் கேள்வி அதிகமா வருது. குளிர்காலத்துல நம்ம பக்கம் வந்து போற பறவை அது, விடியவும் பொழுது சாயவும் தானாவே கத்தும், அதனாலதான் அந்தப் பேரே. அது கத்துத நேரத்துக்கு நீங்க போயி தோட்டத்து ஓரம் உக்காந்திருந்தா போதும், மொபைல வெளிய எடுக்க வேண்டாம். களக்காடு முண்டந்துறை மாதிரி புலிகள் காப்பகத்துக்குள்ள போறவங்க இத நெனச்சுக்கூடப் பாக்கக் கூடாது.

இது எதுவும் கூடாதுன்னா பின்ன பறவைய எப்படித்தான் திருப்ப?

பறவையத் திருப்ப வேண்டாம், அது எந்தப் பக்கம் பாக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு நீங்க அந்தப் பக்கம் போயி உக்காருங்க. இத்தன வருசத்துல நான் படிச்ச பாடம் இது ஒன்னுதான், மத்ததெல்லாம் இதோட கிளை.

அதுக்கு மொதல்ல பாக்க வேண்டியது காத்து. பறவை காத்துக்கு மூஞ்சியக் காட்டித்தான் உக்காரும், காத்து பலமா இருந்தா கட்டாயம் அப்படித்தான். பின்னால இருந்து அடிச்சா எறகு எல்லாம் தூக்கிக்கிடும், நிலையும் தடுமாறும். எறங்கும்போதும் எழும்பும்போதும் கூட காத்துக்கு எதுத்துத்தான். ஒரு பிடி மண்ண எடுத்து கையில இருந்து பைய விட்டுப் பாருங்க, இல்லன்னா துப்பட்டா நுனியப் பாருங்க, காத்து எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சிரும். அந்தப் பக்கம் போயி உக்காந்தியன்னா பறவையோட மூஞ்சி உங்க பக்கம்.

நம்ம ஊருல இதுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, காத்து மாசத்துக்கு மாசம் இன்ன தெசையில இருந்துதான்னு கிட்டத்தட்ட சொல்லிரலாம். ஆனி ஆடியில செங்கோட்டை கணவாய் வழியாவும் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாவும் மேக்காத்து புடுங்கி அடிக்கும், அந்தக் காத்த நம்பித்தான் கயத்தாறு பக்கமும் பணகுடி பக்கமும் கரண்டு எடுக்குத காத்தாடி அத்தன நட்டிருக்காங்க. அந்த மாசங்கள்ல கம்பியில, பனை மட்டையில, குளத்து நடு மேட்டுல எங்க உக்காந்தாலும் பறவை மேக்கப் பாத்துத்தான் உக்காரும். காலையில போனியன்னா சூரியன் கிழக்க, பறவை மூஞ்சி மேக்க, அதாவது வெளிச்சம் பூரா வாலுல விழும், மூஞ்சி இருட்டு. அதனால ஆனி ஆடிக்கு சாயங்காலம் போங்க, நாலரைக்கு மேல, பறவைக்கு மேக்க உக்காருங்க, சூரியன் உங்க முதுகுல, பறவை உங்களுக்கு எதுத்தாப்புல. ஐப்பசிக்கு மேல தை வரைக்கும் அப்படியே தலைகீழ், வாடைக்காத்து வடகிழக்க இருந்து வரும், அப்ப காலை நேரம்தான் நேரம், கிழக்க உக்காரணும்.

இன்னொன்னும் சொல்லணும். தண்ணி மேக்க மலையில இருந்து கிழக்க ஓடி வாரதால நம்ம பக்கம் நிறைய குளத்துக்கு பெரிய கரை கிழக்கதான் இருக்கு. மார்கழி தை காலையில அந்தக் கரைமேல சும்மா போயி உக்காந்தாலே வெயில் முதுகுல, காத்து முதுகுல, தண்ணியில நிக்க வாத்து அத்தனையும் உங்களப் பாத்து நிக்கும். வலசைப் பறவைக வாரதும் அந்த மாசங்கள்லதான்.

காத்தே இல்லாத நாளுல?

அப்ப அதோட வேலையப் பாருங்க. பஞ்சுருட்டான், கரிச்சான், மீன்கொத்தி, பனங்காடை இதெல்லாம் ஒரு எடத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்து, இரையப் பாத்ததும் பாஞ்சு பிடிச்சிட்டு பெரும்பாலும் அதே எடத்துக்குத் திரும்பி வரும். ஒரு கால் மணி நேரம் கேமராவத் தொடாம பாருங்க, எந்தக் குச்சி, எந்தப் பக்கம் பாஞ்சு போவுது, திரும்பி வரும்போது எப்படி எறங்குதுன்னு புடிபட்டுரும். பிறகு நாலு மணி கிடைக்க எடத்துல போயி உக்காருங்க. பஞ்சுருட்டான் தேனீயப் பிடிச்சிட்டு வந்தா கிளையில அடிச்சு அடிச்சுத்தான் முழுங்கும், அந்த நேரம் தலை ரெண்டு பக்கமும் திரும்பும், அது நமக்கு நல்ல நேரம்.

எத்தன மணிக்குப் போனா கண்ணு நல்லா தெரியும்?

விடிஞ்சதுல இருந்து எட்டரை வரை, சாயங்காலம் நாலரையில இருந்து பொழுது சாயுத வரை. எட்டரைக்கு மேல வெயில் ஏற ஏற தலையோட நெழலு கண்ணு மேல விழுந்துரும். சித்திரை ஒன்னு வாக்குல நம்ம ஊருல உச்சி வெயிலு கிட்டத்தட்ட நேரா தலைக்கு மேல நிக்கும், ஆவணி நடுவுலயும் அப்படித்தான். அந்த நாட்கள்ல பத்து மணிக்கு எடுத்த படத்துல கண்ணு இருக்க எடம் வெறும் குழி மாதிரி இருக்கும். மத்தியானம் பறவையும் நெழலுல ஒதுங்கி இருக்கும், அதுகளும் நம்மளும் வீட்டுக்குப் போற நேரம்.

பறவை என்னத்தான் பாக்கு, ஆனா கண்ணுல உசுரே இல்ல. ஏன்?

கண்ணுல வெளிச்சப் பொட்டு விழலன்னா அப்படித்தான் இருக்கும். அந்த சின்ன வெள்ளப் பொட்டு சூரியனோட பிம்பம், இல்லன்னா வானத்தோட பிம்பம். அது விழணும்னா வெளிச்சம் உங்க பக்கத்துல இருந்து போவணும், தலையும் நாலு மணிக்கு வரணும், அதுவரைக்கும் பொட்டு வராது.

கரிச்சான், ஆண் குயில், காக்கா மாதிரி கருப்புப் பறவைக்குத்தான் இது ரொம்ப முக்கியம். குயிலுக்கு கண்ணு நல்ல செவப்பு, வெயிலு பட்டா தீக்கங்கு மாதிரி இருக்கும், பொட்டு இல்லன்னா கருப்பு மேல கருப்பு. கருப்புப் பறவைக்கு எக்ஸ்போஷர, அதாவது படத்துல பதியுத வெளிச்சத்த, கொஞ்சம் கூட்டி வையுங்க, வெள்ளக் கொக்குக்கு கொறச்சு வையுங்க. மேகமூட்டமான நாளுல வானமே பெரிய வெள்ளத் துணி மாதிரி வேலை செய்யும், அன்னைக்கு பொட்டு மங்கலா ஆனா பெருசா விழும், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

நான் பக்கத்துல போனாலே பறந்துருது. பிறகு எங்க அது திரும்பிப் பாக்க?

நேரா அதப் பாத்து நடக்காதிய. ஆடு மேய்க்க தாத்தா பக்கத்துல போனா கொக்கு கண்டுக்கிடாது, கேமரா வச்சிருக்க நம்ம போனா பறக்கும், ஏன்னு பாத்தியளா? அவரு பறவைய உத்துப் பாக்கல, அவரு பாட்டுக்கு கோணல்மாணலா நடந்து போறாரு. அதே மாதிரி சாய்வா நடங்க, நாலு எட்டு வச்சிட்டு நில்லுங்க, குனிஞ்சு எதையோ பாருங்க. பறவை மேயுதத நிறுத்திட்டு தலையத் தூக்கினா நீங்க அப்படியே நின்னுருங்க. மறுபடி மேய ஆரம்பிச்சா அடுத்த எட்டு. கடைசிப் பத்து மீட்டர உக்காந்தபடியே நகந்து போங்க, உக்காந்த மனுசனுக்கு அதுக அவ்வளவா பயப்படாது, படமும் கண்ணு மட்டத்துல வரும். நின்னுக்கிட்டு எடுத்தா பறவையோட உச்சந்தலைதான் வரும்.

காருல போனா எறங்காதிய, இஞ்சின நிறுத்திட்டு கண்ணாடிக் கதவ எறக்கி அதுல ஒரு மணல் பையப் போட்டு லென்ஸ வையுங்க. ரோட்டோரப் பறவைகளுக்கு வண்டி பழகிப்போச்சு, கதவு தொறக்க சத்தம்தான் பழகல. துணி மண்ணு நெறத்துல போடுங்க, வெள்ளச் சட்டை வேண்டாம்.

எத்தன மீட்டர்ல நிக்கணும்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

மீட்டர்ல சொல்ல முடியாது, நயினார்குளத்துக் கொக்கு டவுன் சத்தத்துக்கே பழகினது, காட்டுப் பறவை அப்படி இல்ல. அதோட உடம்பப் பாத்துத் தெரிஞ்சுக்கோங்க. மேயுது, எறக கோதுது, ஒத்தக் கால்ல நிக்கின்னா நிம்மதியா இருக்கு. கழுத்து நீண்டு எறகு ஒட்டிப்போனா நீங்க ஒரு எட்டு கூட வந்துட்டிய, பின்னால போங்க. எச்சம் போட்டா அனேகமா அடுத்த நொடி பறக்கும். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சுன்னா பக்கத்துல தரையில முட்டையோ குஞ்சோ கெடக்கு, காலப் பாத்து வச்சு வந்த வழியே திரும்பிருங்க.

ஷட்டர் சத்தத்துக்கு பறவை திரும்புதே, அது மட்டும் சரியா?

டிஎஸ்எல்ஆர்ல உள்ள கண்ணாடி அடிக்க சத்தத்துக்கு திரும்பத்தான் செய்யும். அது நம்ம வேணும்னு செஞ்சதில்ல, ஆனா அதையே தந்திரமா வச்சுக்கிட்டு சும்மா கிளிக் கிளிக்னு அடிக்காதிய. மொதக் கிளிக்குக்கு நாலு மணிக்குத் திரும்பும், பத்தாவது கிளிக்குக்கு பறந்துரும். உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வச்சிருக்கவங்க சத்தமில்லாத சைலன்ட் ஷட்டர் போட்டுக்கோங்க, எறக வேகமா அடிக்கும்போது மட்டும் அதுல வடிவம் கோணலா விழும், உக்காந்திருக்க பறவைக்கு பிரச்சினை இல்ல. எது வச்சிருந்தாலும் மூணு நாலு படமா தொடர்ந்து, சின்னச் சின்ன பர்ஸ்ட்டா எடுங்க.

நடந்துக்கிட்டே இருக்க பறவை தலைய ஆட்டிக்கிட்டே இருக்கே, கண்ணு ஷார்ப்பாவே வரல.

அது ஆட்டமில்ல. புறா, கோழி, கொக்கு எல்லாம் நடக்கும்போது தலைய வெடுக்குன்னு முன்னால கொண்டு போகும், பிறகு உடம்பு வந்து சேருத வரைக்கும் தலைய அந்த எடத்துலயே அசையாம நிறுத்தி வச்சுக்கிடும். அதுக்கு தெளிவாப் பாக்கணும்னா தலை நிக்கணும். அந்த நிக்க நேரத்துலதான் நீங்களும் அமுக்கணும். ரெண்டு நிமிசம் பாத்தா தாளம் புடிபடும். ஷட்டர் 1/1000 நொடி, இல்லன்னா அதவிட வேகமா வையுங்க, உக்காந்திருக்க பறவைக்கு 1/500 போதும்.

கண்ணு மேல ஃபோகஸ் வச்சாலும் அலகு மங்குது, அலகுல வச்சா கண்ணு மங்குது. லென்ஸ் கோளாறா?

லென்ஸ்ல கோளாறு இல்ல, பறவை ஆறு மணிக்குத் திரும்பிட்டு, அதான். ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 600 எம்எம் லென்ஸ், லென்ஸ் தொறப்பு எஃப் 6.3 வச்சு 10 மீட்டர்ல எடுத்தா ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு தெளிவா வரும். அதே லென்ஸ்ல 5 மீட்டர்னா ரெண்டரை சென்டிமீட்டர்தான், வெண்மார்பு மீன்கொத்தியோட அலகே அதவிட நீளம். நேரா பாக்க பறவைக்கு அலகு முன்னால, கண்ணு பின்னால, ரெண்டும் ஒன்னா வராது. நாலு மணிக்குத் திரும்பினா ரெண்டுக்கும் உள்ள தூரம் கொறஞ்சிரும். இல்லன்னா எஃப் 8, எஃப் 9னு ஏத்துங்க. ஒன்னுதான் தெளிவா வரும்னா அது கிட்ட இருக்க கண்ணுதான்.

கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் மாதிரி நீள அலகுக்காரங்களுக்கு நேர்ப்பார்வை வேண்டவே வேண்டாம், மூணரை மணியே போதும்.

படத்துல கண்ணு பால் ஊத்தின மாதிரி வெள்ளையா இருக்கு, பறவைக்கு சீக்கா?

பறவைக்கு மேலிமை கீழிமை போக பக்கவாட்டுல இருந்து மூடுத மூணாவது இமை ஒன்னு இருக்கு, கண்ண ஈரமா வைக்க அடிக்கடி போட்டுப் போட்டு எடுக்கும். நீங்க அமுக்குன நேரமும் அது மூடுன நேரமும் ஒன்னாப் போச்சு. பர்ஸ்ட்ல அடுத்த படத்தப் பாருங்க, தெளிவா இருக்கும்.

வீட்டு மாடியில தண்ணி வச்சா வாரதுகள எடுக்கலாமா? அது தப்பில்லையே?

தப்பே இல்ல, நல்ல காரியம், பங்குனி சித்திரையில எல்லாரும் வைக்கணும். அகலமான மண்சட்டி, ரெண்டு விரக்கடை தண்ணி போதும், தெனமும் கழுவி மாத்துங்க, பூனை பதுங்கி வர முடியாத எடமாப் பாத்து வையுங்க. சட்டிக்குப் பக்கத்துல ஒரு வேப்பங்குச்சிய நட்டு வையுங்க, நேரா தண்ணிக்கு வராம மொதல்ல குச்சியில உக்காந்து நாலாப்பக்கமும் பாத்துட்டுத்தான் எறங்கும். அந்தக் குச்சி உங்க சன்னலுக்கு குறுக்கால படுத்தாப்புல இருந்தா பறவை ஒன்னு உங்களப் பாக்கும், இல்லன்னா முதுகக் காட்டும். உங்களுக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்தா சைடா உக்காரும். கொஞ்சம் சாய்ச்சு வச்சா நாலு மணி தானா வரும்.

தண்ணி குடிக்கும்போதும் கவனிங்க. சிட்டுக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் ஒரு வாய் எடுத்து தலைய அண்ணாந்துதான் முழுங்கும், முழுங்கிட்டு ஒரு தடவ சுத்திப் பாக்கும், அந்த ஒரு நொடிதான் நமக்கு. புறா மட்டும் அலக உள்ள விட்டு மாடு குடிக்க மாதிரி உறிஞ்சிக் குடிக்கும், தலையத் தூக்காது, அதுக்கு காத்திருந்து பிரயோசனம் இல்ல.

அப்ப இரை போட்டும் கூப்பிடலாம்தானே? ஆந்தைக்கு எலி வச்சு எடுக்காங்களாமே?

தண்ணியும் இரையும் ஒன்னில்ல. மாடியில சிட்டுக்குருவிக்கு கம்பு தானியம் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. காட்டுல, குளத்துல, வேட்டையாடுத பறவைக்கு இரை வச்சு எடுக்காதிய. அது மனுசனப் பாத்தா சாப்பாடுன்னு பழகிரும், ரோட்டுப் பக்கம் வரும், வண்டியில அடிபடும்.

ஆந்தையப் பத்திக் கேட்டதால சொல்லுதேன், புள்ளி ஆந்தைய திருப்ப ஒன்னுமே செய்ய வேண்டாம். பனைமரப் பொந்துல உக்காந்திருக்கும், நம்ம வந்தாலே ரெண்டு கண்ணாலயும் உத்துப் பாக்கும். கண்ணு குழிக்குள்ள உருளாது, அதனால தலையத்தான் திருப்பணும், முக்கால் வட்டம் வரைக்கும் திருப்பும். ஆனா பகல்ல அது தலைய மேலயும் கீழயும் ஆட்டி உங்களப் பாத்துச்சுன்னா தூங்கினத எழுப்பி விட்டுட்டியன்னு அர்த்தம். நாலு படம் எடுத்துட்டு நகந்துருங்க. ராத்திரியில ஃபிளாஷ் அடிக்காதிய.

கூந்தன்குளத்துல வீட்டு வாசல் மரத்துலயே கூடு இருக்கே, அங்க கிட்ட போயி எடுக்கலாம்ல?

என் அம்மா வீடு மூலைக்கரைப்பட்டி, சின்னப் பிள்ளையில இருந்து பாக்கேன். அந்த ஊருக்காரங்க பறவைக்காக தீவாளிக்கு வெடி போட மாட்டாங்க. 1994ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேத்தாங்க, ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாலயே அந்த சனங்க அதுகள வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி வச்சுப் பாத்துருக்காங்க. அந்த அடக்கத்தாலதான் நாரை தெரு மரத்துலயே கூடு கட்டுது. நம்ம போயி கீழ நின்னு மரத்தத் தட்டுதது, கிளைய ஒதுக்கி விடுதது, ஒருத்தர் அந்தப் பக்கம் போயி சத்தம் கொடுக்கதெல்லாம் அவங்க காப்பாத்தி வச்சதக் கெடுக்கது. தாய் எழும்பினா குஞ்சுக்கு வெயிலுத் தாங்காது, காக்கா கதைய மேல சொல்லிட்டேன்.

சட்டமும் இருக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல "வேட்டை"ங்கிற சொல்லுக்குக் கொடுத்திருக்க விளக்கத்துக்குள்ளயே பறவையோட முட்டையையும் கூட்டையும் தொந்தரவு பண்ணுததும் வருது. தெருவுல தள்ளி நின்னு எடுங்க. இரை கொண்டு வார தாய் எந்தப் பக்கமா வந்து எறங்குதுன்னு பாருங்க, குஞ்சு எல்லாம் அந்தப் பக்கம் கழுத்த நீட்டும், அதுக்குத் தக்கன நீங்க நில்லுங்க. திருப்புடைமருதூர் கோயில் பக்கத்து மருத மரத்துக்கும் இதேதான், 2005ல நாட்டிலயே மொத மொத "கன்சர்வேஷன் ரிசர்வ்"ங்கிற வகைக் காப்பகமா அறிவிச்ச எடம் அது.

கூட்டமா நிக்கும்போது ஒன்னு பாக்குது, ஒன்பது பாக்க மாட்டேங்கு. என்ன செய்ய?

பத்தும் பாக்கணும்னு நெனைக்காதிய. முன்னால நிக்கது ஒன்னு நாலு மணிக்கு இருந்தாப் போதும், அதுல ஃபோகஸ் வையுங்க. எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும்னா காத்துள்ள நாளுல போங்க. சில நேரம் எல்லாம் ஒன்னா தலைய சாச்சு ஒத்தக் கண்ணால வானத்தப் பாக்கும், அப்ப நீங்களும் மேல பாருங்க, பருந்தோ வல்லூறோ சுத்திக்கிட்டு இருக்கும். அது அருமையான படம், அதுல ஒன்னு கூட கேமராவப் பாக்காது.

கம்ப்யூட்டர்ல கண்ணுல ஒரு வெள்ளப் பொட்டு வச்சிட்டா, இல்ல இப்ப வந்திருக்க ஏஐல தலையையே திருப்பிட்டா யாருக்குத் தெரியும்?

வெளிச்சம் கொறச்சலா இருக்கத கொஞ்சம் தூக்கி விடுங்க, அது இருந்தத தெளிவாக் காட்டுதது. இல்லாத பொட்ட வைக்கது, தலையத் திருப்புதது அப்படி இல்ல, அந்தப் பறவை அன்னைக்கு அங்க அப்படி நிக்கல. போட்டிக்கு அனுப்பினியன்னா ரா ஃபைல், அதாவது கேமரா பதிஞ்ச மூலப் படத்த கேப்பாங்க, அங்க தெரிஞ்சிரும். எனக்கு அதவிட, அந்தப் படத்த நானே பாக்கும்போது அந்தக் காலையும் அந்தக் குளமும் ஞாபகத்துக்கு வரணும், செஞ்சு வச்ச கண்ணப் பாத்தா எது வரும்?

மூணு வாரமா ஒரே பனங்காடைக்காகப் போறேன் அக்கா, மூலைக்கரைப்பட்டி ரோட்டுல கரண்டு கம்பியில உக்காருது, ஒரு தடவ கூட நாலு மணிக்குத் திரும்பல. விட்டுரவா?

விடாதிய, நிக்க எடத்த மாத்துங்க. கம்பியில உக்காந்த பறவைக்கு ரெண்டே வழிதான், கம்பி தெக்க வடக்கா போனா அது கிழக்கயோ மேக்கயோதான் பாத்து உக்கார முடியும். நீங்க கம்பிக்கு நேர் கீழ ரோட்டுலயே நிக்கிய போல, அங்க நின்னா வயிறும் சைடும்தான் வரும். கம்பிய விட்டு விலகி வயலுப் பக்கம் சாய்வா போங்க, தள்ளிப் போகப் போக அது உக்காந்திருக்க உசரமும் உங்களுக்கு கண்ணு மட்டத்துக்குக் கிட்ட வரும்.

எந்த வயலுன்னா, பனங்காடை தரையில ஊருத பூச்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு பக்கம் உழுது போட்டிருந்தா மண்ணு பெரண்டு பூச்சி வெளிய வந்திருக்கும், காத்து ரொம்ப இல்லாத நாளுல அது அந்தப் பக்கம்தான் பாக்கும். உழவு ஓட்டினா ரெண்டு மூணு நாளைக்கு அதே எடத்துல இருக்கும். வார ஞாயித்துக்கிழம போகும்போது எந்தப் பக்கம் உழுதிருக்காங்கன்னு பாத்துட்டு, வயலுக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வரப்புல உக்காருங்க.